சம்பளம் வாங்கிய பிரபு

ஜார்ஜ் லாசெல்ஸ் இசைப் பைத்தியமாக வளர்ந்தது அவருடைய உறவினர்களுக்கே பெரிய புதிர். தாய்மாமன், முடியைத் துறந்த எட்டாம் எட்வர்ட், ஒருமுறை இதைச் சொல்லி வியந்தாராம்: பையனின் அப்பா அம்மா குதிரை, நாய், கிராமத்து வாழ்க்கை என்று சாதாரணமாகத்தானே இருந்தார்கள், இவன் மட்டும் ஏன் இப்படி ஆனான்? பிரிட்டிஷ் மேட்டுக்குடியில் அன்று இசை என்றால் விருந்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது. அதையே பிழைப்பாக வைத்துக்கொள்வது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம்.

1923 பிப்ரவரி 7-ல் பிறந்தவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் பேரக்குழந்தை. அம்மா மேரி, மன்னரின் ஒரே மகள். பிறந்த அன்றே அரியணை வரிசையில் ஆறாவது இடம். இரண்டாம் எலிசபெத் அவருக்கு மாமன் மகள். 1947-ல் தந்தை இறந்ததும் 24 வயதில் ஏழாவது ஹேர்வுட் பிரபு ஆனார். இத்தனைக்கும் பிறகு 2011-ல் 88 வயதில் அவர் இறந்தபோது அவரைப் பற்றிய குறிப்புகளில் அடுக்கப்பட்டவை எல்லாம் வேலைகள்: மாத இதழ் ஆசிரியர், ஓப்பரா அரங்கின் திட்டமிடல் அலுவலர், இசைவிழா இயக்குநர், ஓப்பரா கம்பெனியின் நிர்வாக இயக்குநர்.

ஐரோப்பிய இசையின் நெடிய வரலாற்றில் பிரபுக்கள் இசைக்குக் காசு கொடுத்தார்கள். இவர் இசையிடம் காசு வாங்கினார். கொடுப்பதற்குக் கையில் காசு இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். அந்த ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அன்றைய பிரிட்டனுக்கும் இன்றைய பிரிட்டனுக்கும் இடையில் கலை உலகத்தில் என்னென்ன மாறின என்பது துலங்கும்.

மாளிகை

லீட்ஸ் நகருக்கு அருகே இருக்கும் ஹேர்வுட் மாளிகை 1759-ல் தொடங்கி 1771-ல் முடிந்தது. கட்டியவர் ஜான் கார். உள்ளறைகளை வடிவமைத்தவர் ராபர்ட் ஆடம். நாற்காலி, மேசை, கண்ணாடிச் சட்டங்கள் அருகிலுள்ள ஆட்லி ஊரில் பிறந்த தாமஸ் சிப்பென்டேலின் பட்டறையில் செய்தவை. தோட்டம் கேப்பபிலிட்டி பிரவுனின் கைவண்ணம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தலைசிறந்த பெயர்கள் எல்லாம் ஒரே வீட்டில் கூடியிருந்தன.

அத்தனைக்குமான பணம் கரிபியன் கரும்பிலிருந்து வந்தது. லாசெல்ஸ் குடும்பம் பார்படோஸில் சுங்க வசூல், சர்க்கரை வியாபாரம், அடிமை வியாபாரம், தோட்ட முதலாளிகளுக்கு வட்டிக்குக் கடன் என்று பொருள் சேர்த்தது. கடன் அடைபடாதபோது தோட்டங்களும் அவற்றில் உழைத்த அடிமைகளும் குடும்பத்தின் கைக்கு வந்தனர். 1830-களில் அடிமை முறை ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசு நஷ்டஈடு கொடுத்தது முதலாளிகளுக்குத்தான். அன்றைய ஹேர்வுட் பிரபுவுக்கு 1,200-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக 26,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை.

1947-ல் இளம் பிரபுவின் தலையில் விழுந்தது வாரிசு வரி. போருக்குப் பிந்தைய லேபர் அரசு பெரிய எஸ்டேட்டுகள் மீது கடுமையான வரி வைத்திருந்தது. நிலத்தின் பெரும்பகுதி விற்கப்பட்டது. 1950-ல் மாளிகையின் கதவு கட்டணம் கொடுக்கும் பொதுமக்களுக்குத் திறந்தது. ஓவியங்களும் ஒவ்வொன்றாக வெளியேறின. டிஷியன் வரைந்த ‘ஆக்டியனின் மரணம்’ 1971-ல் ஏலத்துக்குப் போய், நாட்டை விட்டே போக இருந்தது. லண்டன் நேஷனல் கேலரி மக்களிடம் நிதி திரட்டி 1972-ல் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அதை நாட்டிலேயே தக்கவைத்தது. வீட்டுச் சுவரில் ஒரு குடும்பம் பார்த்துவந்த படத்தை இப்போது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

1986-ல் மாளிகையும் அதன் சேகரிப்பும் கல்விக்கான அறக்கட்டளையின் பொறுப்புக்கு மாறின. இன்று அங்கே சினிமாப் படப்பிடிப்பு நடக்கிறது. 2019-ல் வந்த ‘டவுன்டன் ஆபி’ திரைப்படத்தில் அந்த அறைகளைப் பார்க்கலாம். ‘எம்மர்டேல்’ தொலைக்காட்சித் தொடருக்கான கிராமம் முழுவதும் எஸ்டேட் நிலத்தில்தான் செட்டாக நிற்கிறது. குடும்பத்துக்கு வருமானம் கொடுத்த நிலம் இப்போது கதைகளுக்குப் பின்னணியாகி வருமானம் தருகிறது.

இதைவிடப் பெரிய மாற்றம், பணம் வந்த வழியை வெளிப்படையாகப் பேசுவது. ஏழாவது பிரபுவின் காலத்தின் பெரும்பகுதியில் மாளிகைக்கு வந்தவர்கள் சிப்பென்டேலைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள். கரும்பைப் பற்றிப் பேச்சு எழுவது அபூர்வம். மேற்கிந்தியத் தொழில் தொடர்பான பழைய குடும்பக் காகிதங்கள் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ஆய்வுகள் வந்தன. மூத்த மகன் டேவிட், இன்றைய எட்டாவது பிரபு, ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவர். அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்டதன் 200-ஆவது ஆண்டான 2007-ல், ஹேண்டலின் ‘மெஸையா’வைக் கரிபியன் கார்னிவல் இசையோடு கலந்து ஜெரால்டின் கானர் உருவாக்கிய ‘கார்னிவல் மெஸையா’ மாளிகையின் வளாகத்திலேயே அரங்கேறியது. 2023-ல் அந்தச் சுவர்களில் ஒரு புதிய உருவப்படம் ஏறியது. அதில் இருப்பவர் நடிகர் டேவிட் ஹேர்வுட். லாசெல்ஸ் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல் அவர். குடும்பப்பெயர் வந்ததும் அப்படித்தான்.

பத்திரிகை

ஏழாவது பிரபுவுக்கு இசைப் படிப்பு நிறைவுபெற்ற இடம் ஒரு சிறை. கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் கேப்டனாக இருந்தவர் 1944 ஜூனில் இத்தாலியில் காயம்பட்டுப் பிடிபட்டார். அன்றைய மன்னரின் சகோதரி மகன் என்று தெரிந்ததும் ஜெர்மானியர்கள் அவரைக் கோல்டிட்ஸ் கோட்டைக்கு அனுப்பினார்கள். பேரம் பேசப் பயன்படும் பெரிய இடத்துக் கைதிகளின் தனிக் கூட்டத்தில் அவரும் ஒருவர். 1945 மார்ச்சில் ஹிட்லர் அவருடைய மரண உத்தரவில் கையெழுத்திட்டார். போர் தோற்றுவிட்டது என்று கணக்குப் போட்ட எஸ்.எஸ். ஜெனரல் கோட்லோப் பெர்கர் அதை நிறைவேற்றாமல் கைதிகளைச் சுவிஸ்காரர்களிடம் ஒப்படைத்தார். சிறையில் அவர் வாசித்தது குரோவ் இசை அகராதி. பல தொகுதிகள் கொண்ட அந்த நூலை அகரவரிசைப்படியே ஒவ்வொரு பதிவாகப் படித்துக்கொண்டு போனார். வேறு யாராவது என்றால் அது பொழுதுபோக்கு. இவருக்கு அது பிற்காலத் தொழிலுக்கான முதலீடு ஆனது.

கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தபின், ரிச்சர்ட் பக்கிள் நடத்திய பாலே இதழில் ஓப்பராவைப் பற்றி எழுதினார். 1950 பிப்ரவரியில் ‘ஓப்பரா’ என்று தனி இதழ் பிறந்தது. ஆசிரியர் ஹேர்வுட் பிரபு, வயது 27.

அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். கோவென்ட் கார்டன் அரங்கம் போர்க்காலத்தில் நடனக் கூடமாக இருந்து, 1946-ல்தான் மீண்டும் திறந்தது. நிரந்தர ஓப்பரா கம்பெனி 1947-ல் தொடங்கியது. வெளிநாடு போகிறவர் எடுத்துச் செல்லும் பணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. மிலானில் யார் பாடுகிறார்கள், வியன்னாவில் புதிதாக என்ன வந்தது என்று லண்டன் ரசிகர் அறிய வேண்டுமானால் போய்வந்தவர் எழுத வேண்டும். அந்த வேலையைத்தான் இதழ் செய்தது. பல நாட்டு அரங்குகளிலிருந்து விமர்சனங்கள், பாடகர்களைப் பற்றிய அறிமுகங்கள், வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில். மரியா காலஸ் என்ற பெயர் லண்டன் ரசிகர்களிடம் பரவியதில் ஹேர்வுட்டின் எழுத்துக்கும் உற்சாகத்துக்கும் பங்கு உண்டு. 1952 நவம்பரில் காலஸ் கோவென்ட் கார்டனில் ‘நோர்மா’ பாடினார். 1968-ல் பாரிஸில் பிபிசி தொலைக்காட்சிக்காக அவரைப் பேட்டி கண்டவரும் ஹேர்வுட்தான். வம்பு பேசாமல், எந்த வரியில் எங்கே மூச்செடுக்க வேண்டும், ஒரு பாத்திரத்தை எங்கிருந்து கட்டத் தொடங்க வேண்டும் என்று தொழில் பேசிய பேட்டி அது.

1953-ல் கோவென்ட் கார்டனில் சம்பள வேலைக்குச் சேர்ந்ததும் ஆசிரியர் நாற்காலியை விட்டார். ஹெரால்ட் ரோசென்தால் பொறுப்பேற்று 1986 வரை நடத்தினார். பின்னர் ராட்னி மில்ன்ஸ், 2000 முதல் ஜான் ஆலிசன். 75 ஆண்டுகளைக் கடந்த இதழுக்கு ஆசிரியர்கள் நான்கே பேர்.

இன்று செய்திக்குப் பஞ்சம் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கம் 2006 டிசம்பரிலிருந்து தன் நிகழ்ச்சிகளைச் சினிமாத் திரைகளுக்கு நேரலையாக அனுப்புகிறது. கைப்பேசியில் எந்த ஊர் மேடையையும் பார்க்கலாம். அருகிப்போனது அதை உட்கார்ந்து எடைபோடுவதற்கான ஊதியம். ‘இண்டிபெண்டன்ட் ஆன் சண்டே’ 2013-ல் தன் கலை விமர்சகர்கள் அனைவரையும் ஒரே சமயத்தில் அனுப்பிவிட்டது. லண்டனின் மாலை நாளிதழாக நூற்றாண்டுக்கும் மேல் வந்துகொண்டிருந்த ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ 2024-ல் வார இதழாகச் சுருங்கியது. நாளிதழ்களின் இடம் குறையக் குறைய, ஒரு சிறு மாத இதழின் பழைய பக்கங்கள்தான் எந்த ஊரில் எந்த ஆண்டு யார் எப்படிப் பாடினார் என்பதற்கு ஆதாரமாக நிற்கின்றன.

அவருடைய இன்னொரு எழுத்து வேலைக்கும் இதே குணம் உண்டு. அமெரிக்க விமர்சகர் குஸ்தாவ் கோபே ஓப்பராக் கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, 1918-ல் அவருடைய பாய்மரப் படகின் மீது கடல் விமானம் மோதி இறந்தார். நூல் அடுத்த ஆண்டு வெளியானது. அதைத் திருத்தி விரிவாக்கும் பணியை ஹேர்வுட் எடுத்துக்கொண்டு 1954-ல் முதல் திருத்தப் பதிப்பைக் கொண்டுவந்தார். அதோடு விடவில்லை. 1997-ல் ஆன்டனி பீட்டியுடன் சேர்ந்து கடைசிப் பதிப்பைக் கொண்டுவந்தபோது அவருக்கு 74 வயது. தன் பெயரில் புத்தகம் போடும் வசதியுள்ளவர், இன்னொருவர் பெயரில் நிற்கும் நூலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்.

ராணிக்கு ஓர் ஓப்பரா

இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அவருக்கு நெருங்கிய நண்பர். 1949-ல் ஹேர்வுட் மணந்த மரியன் ஸ்டைன், வியன்னாவில் பிறந்த பியானோ கலைஞர். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்த இசைப் பதிப்பாசிரியர் எர்வின் ஸ்டைனின் மகள். அரச குடும்பத்துப் பிள்ளை அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்த அந்தத் திருமணத்துக்குப் பெஞ்சமின் பிரிட்டனே ஒரு பாடல் இயற்றிக் கொடுத்தார்.

1952-ல் பனிச்சறுக்கு விடுமுறையில் நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்துக்கென்று தேசிய ஓப்பரா எது என்ற கேள்வி எழுந்தது. முதலாம் எலிசபெத்தின் கதையை எடுக்கலாம் என்று ஹேர்வுட் சொன்னார். புதிய ராணியின் முடிசூட்டு விழாவுக்கு அதை அரங்கேற்ற அனுமதி கேட்கும் பாதையும் அவர் கையில் இருந்தது. ராணியின் தனிச்செயலர் ஆலன் லாசெல்ஸ் உறவுக்காரர். பெஞ்சமின் பிரிட்டன் இசையமைக்க, 1953 ஜூன் 8-ல் ‘குளோரியானா’ அரங்கேறியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தூதர்கள், அமைச்சர்கள், பதக்கம் அணிந்தவர்கள். முதுமையில் தனித்துப்போகும் ஒரு ராணியின் கதை கொண்டாட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. கைதட்டல் சொற்பம்.

உறவின் வழியாக ஒரு படைப்பை மேடையேற்றலாம், பிடிக்கவைக்க முடியாது என்று அந்த இரவு காட்டியது. 1966-ல் சாட்லர்ஸ் வெல்ஸ் கம்பெனி சாதாரண ரசிகர்கள் முன் அதை மீண்டும் நடத்தியபோதுதான் ‘குளோரியானா’வுக்கு உயிர் வந்தது. 2013-ல் பெஞ்சமின் பிரிட்டனின் பிறப்பு நூற்றாண்டுக்குக் கோவென்ட் கார்டனும் அதை மீண்டும் எடுத்தது.

கோவென்ட் கார்டனில் 1953 முதல் 1960 வரை அவர் செய்தது அலுவலக வேலை. நிர்வாகத் தலைவர் டேவிட் வெப்ஸ்டர், முன்பு லிவர்பூலில் பெரிய கடை ஒன்றை நடத்தியவர். கடைக்காரரின் கீழ் மன்னரின் பேரன் வேலை பார்த்தார். எந்தப் பருவத்தில் எந்த ஓப்பரா, யார் பாடுவது, யார் இயக்குவது என்று திட்டமிடுவது அவர் பொறுப்பு. அந்த ஆண்டுகளில்தான் 1957-ன் ‘ட்ரோஜன்கள்’, 1958-ல் விஸ்கோன்தி இயக்கிய ‘டான் கார்லோஸ்’, 1959-ல் ஜோன் சதர்லண்டை ஒரே இரவில் உலகப் புகழுக்குக் கொண்டுபோன ‘லூசியா’ எல்லாம் அந்த மேடையில் நடந்தன.

எடின்பரோவில் ஒரு தமிழ்க் குரல்

1961 முதல் 1965 வரை எடின்பரோ சர்வதேச விழாவின் இயக்குநர். ஆண்டுக்கு ஓர் இசையமைப்பாளரை மையமாக வைத்து ஆழமாகக் கேட்கவைப்பது அவர் கொண்டுவந்த முறை. முதல் ஆண்டு ஷோன்பெர்க், 1962-ல் ஷோஸ்தகோவிச். பனிப்போரின் உச்சத்தில் ஷோஸ்தகோவிச்சே மாஸ்கோவிலிருந்து நேரில் வந்திருந்தார்.

1963-ல் அவர் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. ரவிஷங்கர் வந்தார். மதராஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்: எம்.எஸ். சுப்புலட்சுமியும் டி. பாலசரஸ்வதியும். தென்னிந்தியாவின் தேவதாசி மரபிலிருந்து வந்த இரு மேதைகள், அந்த மரபின் மேல் ஊரில் ஒட்டிய பழி முழுதாக மாறாத காலத்தில், ஸ்காட்லாந்துத் தலைநகரில் பாடினார்கள், ஆடினார்கள். எம்.எஸ். ஐக்கிய நாடுகள் சபையில் பாடியது 1966-ல். எடின்பரோ அதற்கு மூன்று ஆண்டுகள் முந்தியது. கர்னாடக இசையையும் பரதத்தையும் விழாவின் மைய நிகழ்ச்சிகளில் ஒன்றாக, முழுநீளக் கச்சேரியாக, நடனமாக வைத்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. பாலசரஸ்வதியின் அபிநயம் புரியாதவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அது புரியும் என்று நம்பி வைத்த நிகழ்ச்சி அது.

இன்று அந்த விழாவின் இயக்குநர் வயலின் கலைஞர் நிக்கோலா பெனெடெட்டி. 2022-ல் பொறுப்பேற்றார். விழாவின் வரலாற்றில் இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஸ்காட்லாந்துக்காரர்களில் முதல் ஆளும் அவரே. பிரபுக்களின் அறையிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவது முடிந்து, மேடையில் வாசிப்பவரே விழாவை நடத்தும் காலம் வந்திருக்கிறது.

இரண்டாம் திருமணம்

தொழிலுக்கு உதவிய அரச உறவு சொந்த வாழ்க்கையில் கட்டிப்போட்டது. ஆஸ்திரேலிய வயலின் கலைஞர் பட்ரீஷியா டக்வெல்லுடன் அவருக்கு உறவு ஏற்பட்டு, 1964-ல் மகன் பிறந்தான். 1967-ல் மரியனுடன் விவாகரத்து ஆனது. மறுமணத்துக்கு ராணியின் அனுமதி வேண்டும். காரணம், 1772-ன் அரச திருமணச் சட்டம். தம்பியின் கல்யாணம் பிடிக்காத மூன்றாம் ஜார்ஜ் கொண்டுவந்த சட்டம் அது. விவாகரத்தான உறவினருக்குத் திருச்சபையின் தலைவியான ராணி எப்படி அனுமதி கொடுப்பது? பிரதமர் ஹரால்ட் வில்சனின் அமைச்சரவை ஆலோசனை சொல்வது போல ஏற்பாடு செய்து, ராணி கையெழுத்திட்டார். திருமணம் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் நடந்தது. யார்க் பல்கலைக்கழக வேந்தர் பதவியை அவர் அதே ஆண்டு விட்டார். சில ஆண்டுகளுக்கு அரண்மனை அழைப்பிதழ்கள் வரவில்லை. 1973-ல் இளவரசி ஆனின் திருமணத்துக்கும் அழைப்பு இல்லை.

அதே குடும்பத்தில் 2005-ல் விவாகரத்தான சார்லஸ், விவாகரத்தான கமிலாவை மணந்தார். 2023-ல் இருவருக்கும் முடிசூட்டு விழா நடந்தது. 1772-ன் சட்டம் 2015-ல் அகற்றப்பட்டது. இப்போது அரியணைக்கு முதல் ஆறு பேர் மட்டுமே அனுமதி கேட்க வேண்டும்.

மரியனின் கதையும் அங்கே நின்றுவிடவில்லை. பேனி வாட்டர்மேனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய லீட்ஸ் பியானோ போட்டி 1963-ல் முதன்முறை நடந்தது. ராது லுபு, மர்ரே பெராயா போன்றவர்களை உலகுக்குக் காட்டிய அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது.

கால்பந்திலும் ஹேர்வுட்டுக்கு இடம் இருந்தது. லீட்ஸ் யுனைடெட் சங்கத்தின் தலைவராக 1961 முதல் கடைசிவரை இருந்தார். 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றபோது கால்பந்துச் சங்கத்தின் தலைவர் அவர்தான்.

வடக்கே போன கம்பெனி

அவருடைய பெரிய வேலை 1972-ல் தொடங்கியது. சாட்லர்ஸ் வெல்ஸ் ஓப்பராவின் நிர்வாக இயக்குநர் பொறுப்பு. கம்பெனி 1968-ல் லண்டன் கோலிசியம் அரங்கத்துக்கு வந்திருந்தது. 2,300-க்கு மேல் இருக்கைகள். அதை நிரப்ப வேண்டும். 1974-ல் பெயர் இங்கிலிஷ் நேஷனல் ஓப்பரா ஆனது. எல்லாமே ஆங்கிலத்தில் பாடப்படும் என்பது கம்பெனியின் கொள்கை. ஜெர்மனே வாக்னரின் தாய்மொழி என்று சொன்னவர்களுக்கு, ரெஜினால்ட் குடால் நடத்திய ஆங்கில ‘ரிங்’ பதில் சொன்னது. நான்கு இரவுகள் நீளும் கதையைப் பார்வையாளர் வரிவரியாகப் புரிந்துகொண்டு பார்த்தார்கள். ஜேனட் பேக்கர் ‘மேரி ஸ்டூவர்ட்’ பாடினார். 1982-ல் ஜோனதன் மில்லர் ‘ரிகொலெத்தோ’வை நியூயார்க்கின் இத்தாலியத் தெருவில், மாஃபியா கூட்டத்தில் நடக்கவைத்தார். 1984-ல் அது அமெரிக்காவுக்கே போனது; அங்கிருந்த இத்தாலிய வம்சாவளியினர் சிலர் எதிர்த்தனர். அதே சுற்றுப்பயணத்தில் கம்பெனி நியூயார்க் மெட்ரோபாலிடன் மேடையிலும் ஏறியது.

2005-ல் கோலிசியத்தில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் வசதி வந்தது. ஆங்கிலத்தில் பாடுவதையே ஆங்கில எழுத்தில் காட்டுகிறார்கள். மொழி தெரிந்தால் போதும் என்ற பழைய நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்தது. ஆனால் கொள்கை இன்றும் அப்படியே இருக்கிறது.

கொள்கையை விடவும் பெரியது 1978-ல் நடந்தது. தன் சொந்த ஊர்ப்பக்கமான லீட்ஸில், கிராண்ட் தியேட்டரில், ஹேர்வுட் ஒரு கிளைக் கம்பெனியைத் தொடங்கினார். 1978 நவம்பரில் ‘சாம்சனும் டெலிலாவும்’ ஓப்பராவுடன் அரங்கேற்றம். தனி இசைக்குழு, தனிக் கோரஸ், தனி இசை இயக்குநர். 1981-ல் அது லண்டனிலிருந்து முற்றிலும் பிரிந்து ‘ஓப்பரா நார்த்’ ஆனது. ஒரு தலைமை தான் பெற்ற கிளையைத் தன்னிடமிருந்தே விடுவித்தது. ஹேர்வுட் 1985-ல் நிர்வாகப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றார்.

2022 நவம்பரில், கலைகளுக்குப் பொதுப்பணத்தைப் பங்கிடும் ஆர்ட்ஸ் கவுன்சில், இங்கிலிஷ் நேஷனல் ஓப்பராவுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த 1.26 கோடி பவுண்டு நிதியை நிறுத்தியது. லண்டனை விட்டுப் போனால் மூன்று ஆண்டுகளுக்கு 1.7 கோடி என்றது. எதிர்ப்பு எழுந்தபின் இடைக்கால நிதி கிடைத்தது. 2023 டிசம்பரில், 2029-க்குள் கிரேட்டர் மான்செஸ்டரைத் தன் முக்கியத் தளமாக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. வெட்டுகளை எதிர்த்து இசை இயக்குநர் மார்ட்டின் பிராபின்ஸ் அந்த ஆண்டு அக்டோபரிலேயே விலகியிருந்தார். கோரஸ் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் ஆண்டு முழுவதும் இருந்த வேலை ஏழு மாதமாகச் சுருங்கியது.

காரணமாகச் சொல்லப்பட்டது நியாயமானதுதான்: கலைக்கான பொதுப்பணம் லண்டனில் மட்டும் குவியக் கூடாது. ஹேர்வுட் அரை நூற்றாண்டுக்கு முன்பு சொன்னதும் இதையே. ஆனால் அதே அறிவிப்பில் வெல்ஷ் நேஷனல் ஓப்பராவின் நிதி 35 சதவீதம் குறைக்கப்பட்டது. அவர்கள் முதலில் கைவிட்ட ஊர்களில் ஒன்று லிவர்பூல். கிளைண்ட்போர்ன் ஓப்பரா விழாவின் சுற்றுப்பயண நிதி பாதியாக வெட்டப்பட, பல ஊர்களுக்குப் போய்வந்த அவர்களின் இலையுதிர்காலப் பயணம் நின்றது. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டுக்கு ஓப்பரா நார்த் ஏற்கெனவே ஆண்டுதோறும் போய்வந்துகொண்டிருக்கிறது. வடக்குக்கு ஒன்று அனுப்பப்படுகிறது, வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வேறு சில எடுக்கப்படுகின்றன.

1978-ல் கோலிசியத்தில் ஒரு திரையும் இறங்கவில்லை; லீட்ஸில் ஒன்று கூடுதலாக ஏறியது. அன்று நாடு பணக்காரமாகவும் இல்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிட்டன் பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கியிருந்தது. பற்றாக்குறை இருந்தது, அதற்கு நடுவிலும் புதிதாக ஒன்றைத் தொடங்கலாம் என்ற துணிவும் இருந்தது. அந்தத் துணிவுக்கு ஹேர்வுட்டின் பிறப்பு ஓரளவு உதவியது. அமைச்சர்களைத் தொலைபேசியில் அழைக்கும் உரிமை அவருக்குப் பிறவியிலேயே வந்தது. அந்த உரிமை யாருக்கும் பிறவியில் வரக் கூடாது. 1999-ல் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்கள் மேலவையை விட்டு வெளியேறியதில் வருந்த ஒன்றும் இல்லை. அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையைச் செய்ய இப்போது யாருக்கும் உரிமை இல்லாமல் போனதுதான் இழப்பு. லீட்ஸ் கிராண்ட் தியேட்டரில் ஓப்பரா நார்த் தன் அடுத்த பருவத்துக்கு ஒத்திகை பார்க்கிறது. அதன் இசைக்குழுவில் வாசிக்கும் பெரும்பாலோருக்கு ஒரு பிரபு இதைத் தொடங்கினார் என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மாதச் சம்பளம் வந்தால் போதும். அவரும் அதைத்தான் வாங்கினார்.